செவ்வாய்க்கிழமை வாசகர்கள்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் வழக்கம். மூன்று வருடம் எந்த ஆவலும் இல்லாமல் இருந்துவிட்டு இப்போது அப்படி எழுதினால் நீ சிரிப்பாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் மூன்றாவது நிமிடத்தில் நம்மில் ஒருவர் வைத்துவிடுவோம். கடிதம் என்றால் ஒருவர் சொல்லி முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்துதான் ஆக வேண்டும்.

எங்கள் பதிப்பகம் பழைய துப்பறியும் நாவல்களை மறுபடி அச்சிடப் போகிறது. ஒரே எழுத்தாளர், பத்துப் புத்தகங்கள், கெட்டி அட்டை. முதலாளி இதை முழுக்க என் பொறுப்பில் விட்டிருக்கிறார். பதினாறு வருடம் மற்றவர்கள் எழுதியதில் ஒற்றும் புள்ளியும் திருத்திக்கொண்டிருந்தவனுக்கு இது முதல் பெரிய வேலை. இது ஓடினால் என் நாற்காலி நிலைக்கும். ஓடாவிட்டால் என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

யாரைப் போடுவது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. வக்கீல்தான். கோர்ட்டில் வாதாடிக்கொண்டே முப்பத்திரண்டு நாவல் எழுதிய மனிதர். சொந்தப் பெயரை அட்டையில்கூடப் போட்டதில்லை, வெறும் ‘வக்கீல்’. நம் வாடகை நூலகத்தில் அப்பா அவருக்கு மட்டும் தனி அலமாரி வைத்திருந்தார். இன்று அவருடைய நல்ல பிரதிகள் உன்னிடம் மட்டும்தான் இருக்கும். பத்தைத் தேர்ந்தெடுத்து அனுப்பு. தட்டச்சு முடிந்ததும் ஒரு முனைகூட மடங்காமல் திருப்பி அனுப்புகிறேன்.

அந்தக் கட்டுரை இன்னும் உன் மனதில் இருந்தால், அதை அப்படியே விட்டுவிடுவோம்.

தம்பி

&nbsp;

மார்ச் 11

தம்பிக்கு,

‘விட்டுவிடுவோம்’ என்று சொல்லும் உரிமை காலை மிதித்தவனுக்குக் கிடையாது. மிதிபட்டவள்தான் சொல்ல வேண்டும்.

அப்பா போன பிறகு ஒரு பத்திரிகையில் நம் நூலகத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதினாய். அப்பாவின் கண்ணாடி வந்தது, அவருடைய இருமல் வந்தது, அலமாரி மேல் தூங்கும் பூனைகூட வந்தது. நான் எங்கே வருகிறேன் என்று தேடினேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: ‘மேசைக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள்.’ அந்த ஒரு பெண் அங்கே இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தாள். பூனைக்கு இரண்டு வரி கொடுத்தவனுக்குக் கூடப்பிறந்தவளுக்கு ஒன்றுக்கு மேல் எழுத மையில்லை.

வக்கீலின் பிரதிகள் என்னிடம் இருக்கின்றன. கேட்டால் தருவேன், அந்த அற்பத்தனம் என்னிடம் இல்லை. ஆனால் நீ தவறான ஆளைத் தேர்ந்தெடுக்கிறாய்.

உன் வக்கீலின் கதையில் ஒரு மனிதன் செத்தால் அடுத்த பக்கத்தில் அவன் சாப்பிட்ட தட்டை யார் கழுவினார்கள் என்று தெரியாது. யாரும் அழுவதில்லை. அழுதால் அது நடிப்பு, அவள்தான் கொலைகாரி. கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து அந்தத் துப்பறியும் தபால் அதிகாரி ஒரு மணி நேரம் பேசுவார். ஒருத்திக்காவது நடுவில் எழுந்துபோய் அடுப்பைப் பார்க்கத் தோன்றாது. இது கொலையா, குறுக்கெழுத்துப் போட்டியா?

நர்ஸம்மாவைப் போடு. உனக்கு நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை, ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே பதினான்கு நாவல் எழுதியவர். அவர் கதையில் துப்பறிபவரே கிடையாது. யார் செய்தது என்று பாதியிலேயே நமக்குத் தெரிந்துவிடும், அந்த வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு யார் வாயைத் திறப்பார்கள் என்பதுதான் கதை. ஒரு நாவலில் பெரிய மருமகள் மருந்து பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு, லேபிள் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று யோசிப்பாள். ஆறு பக்கம். அந்த ஆறு பக்கத்துக்கு உன் வக்கீலின் முப்பத்திரண்டையும் கொடுக்கலாம்.

ஒன்று கேட்கிறேன், கேட்டுவிட்டேன் என்று இளக்காரமாக நினைக்காதே. நர்ஸம்மாவைப் போடுவதாக இருந்தால் முன்னுரையை நான் எழுதுகிறேன். எட்டுப் பக்கம் ஏற்கனவே எழுதி வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. என் பெயரில் எதுவும் அச்சாகி நான் பார்த்ததில்லை. வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

அக்கா

&nbsp;

மார்ச் 19

அக்காவுக்கு,

எட்டுப் பக்கத்தையும் படித்தேன். உணர்ச்சி இருக்கிறது. உணர்ச்சி மட்டும் இருக்கிறது.

வக்கீல் வாசகனுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறார்: எனக்குத் தெரிந்தது எல்லாம் உனக்கும் தெரியும், முடிந்தால் எனக்கு முன்னால் கண்டுபிடி. அந்த வாக்கை முப்பத்திரண்டு புத்தகத்திலும் ஒருமுறைகூட அவர் மீறவில்லை. சுருட்டுச் சாம்பலை முப்பதாம் பக்கத்தில் வைத்தார் என்றால் இருநூறாம் பக்கத்தில் அது நம் கண்ணில் கரித்தே தீரும். நேர்மையான எழுத்து அது. உலகத்தில் நடக்கும் அநியாயத்தை எல்லாம் பார்த்துவிட்டு வந்து உட்காருகிறவனுக்கு, கடைசிப் பக்கத்தில் ஒரு நியாயம் கிடைக்கிறது. அதைக் குறுக்கெழுத்து என்று நீ சொல்வது, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை. தட்டை யார் கழுவினார்கள் என்பதற்கு யாரும் புத்தகம் வாடகைக்கு எடுக்கமாட்டார்கள், அது அவரவர் வீட்டிலேயே கிடைக்கிறது.

நர்ஸம்மாவில் இரண்டு படித்திருக்கிறேன். இரண்டும் ஒரே வீடு, ஒரே புழுக்கம். நூறாம் பக்கத்தில் யார் என்று தெரிந்த பிறகு இன்னும் நூறு பக்கம் எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். யார் படித்தார்கள் அவரை? வக்கீலை முடிதிருத்தும் கடையில் படித்தார்கள், பஸ்ஸில் படித்தார்கள், பரீட்சைப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்தார்கள். வாசகன் ஒன்றும் முட்டாள் இல்லை. ஐம்பது வருடம் ஒருவரைத் தூக்கி வைத்துக்கொண்டு இன்னொருவரை மறந்தான் என்றால் அதற்குக் காரணம் இருக்கும். நர்ஸம்மாவை நாலு பேர் படித்தார்கள் என்பதற்கு ஏதாவது சாட்சி இருந்தால் காட்டு. உன் ரசனையைச் சாட்சியாக முதலாளியிடம் கொண்டுபோக முடியாது.

முன்னுரை பற்றி: நர்ஸம்மா வந்தால் அது உன்னுடையது. வரமாட்டார்.

தம்பி

&nbsp;

ஏப்ரல் 2

தம்பிக்கு,

சாட்சி கேட்டாய். பார்சலில் இருக்கிறது.

ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் ஒட்டியிருக்கும் தேதிச்சீட்டு உனக்குத் தெரியும். யார் எடுத்துப் போனாலும் அன்றைய தேதியை முத்திரை குத்தித்தான் கொடுப்போம். ஐந்து வருடச் சீட்டுகளைப் பிரித்து அனுப்பியிருக்கிறேன். நர்ஸம்மாவின் பதினொரு புத்தகம், பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு வக்கீலின் பதினொரு புத்தகம். உனக்குப் பிடித்த எழுத்தாளரின் மானம் போகக் கூடாது என்று அதிகம் போனதாகவே பொறுக்கியிருக்கிறேன். பசை காய்ந்துவிட்டது, மெதுவாகப் புரட்டு. எண்ணிப் பார்.

நாலு நாள் யோசித்துத்தான் அனுப்புகிறேன். இந்த இடத்தில் ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். நன்றாகவே அடித்திருக்கிறேன், வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க முயற்சி செய்யாதே. வேறு ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் கேள், சொல்கிறேன்.

அக்கா

&nbsp;

ஏப்ரல் 20

அன்புள்ள அக்கா,

தோற்றுவிட்டேன். மனதாரச் சொல்கிறேன்.

இரண்டு முறை எண்ணினேன். வக்கீலுக்கு ஆயிரத்து நூற்று நாலு. நர்ஸம்மாவுக்கு ஆயிரத்து நூற்று எண்பத்தேழு. நம்ப முடியவில்லை. நான் பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது அந்த மேசையில் இத்தனை பேர் வந்து அந்த அம்மாவை வாங்கிப் போயிருக்கிறார்கள், எனக்குத் தெரியவில்லை.

சீட்டுகளை முதலாளி மேசையில் பரப்பினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். “இவ்வளவு பேரு படிச்ச ஆளை எப்படிய்யா ஊரே மறந்துச்சு?” என்றார். அந்தக் கேள்வியையே விளம்பர வாசகமாகப் போட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். தட்டிக் கொடுத்தார். ஆயிரத்து ஐந்நூறு செட், நர்ஸம்மா, பத்து நாவல். முடிவாகிவிட்டது.

ஒரே ஒரு சங்கடம். முன்னுரைக்கு அவர் ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியரைச் சொல்கிறார். பல்கலைக்கழகப் பெயர் இருந்தால் நூலகங்கள் வாங்கும் என்பது அவர் கணக்கு. நான் உன்னைப் பற்றிச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்த நேரத்தில் தொடரே கையை விட்டுப் போய்விடக் கூடாதே என்று இருந்தது. உன் பெயர் நன்றிப் பக்கத்தில் முதலில் வரும். உன் எட்டுப் பக்கத்தைப் பேராசிரியருக்குக் கொடுத்திருக்கிறேன், குறிப்புகளாகப் பயன்படும் என்றார்.

வருத்தப்படாதே. நர்ஸம்மா வருகிறார், அதுதானே உனக்கு வேண்டியது.

தம்பி

&nbsp;

ஏப்ரல் 27

தம்பிக்கு,

எனக்கு வேண்டியது என்ன என்று எழுத்தில் கேட்டிருந்தேன். மறுபடி எழுதிக் கைவலி வரவழைத்துக்கொள்ளப் போவதில்லை.

அவர் நல்ல எழுத்தாளர் என்று நான் எட்டுப் பக்கம் எழுதினேன், நீ நம்பவில்லை. ரப்பர் முத்திரை சொன்னதும் நம்பிவிட்டாய். இப்போதும் நீ அவரை மறுபடி எடுத்துப் படித்ததாக உன் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. எண்ணியிருக்கிறாய், அவ்வளவுதான்.

சீட்டுகள் கிடைத்ததும் என்னிடம் ஏதாவது கேட்பாய் என்று காத்திருந்தேன். யார் எடுத்தார்கள், திருப்பித் தரும்போது என்ன சொன்னார்கள், எதற்காக அழுதார்கள், ஏதாவது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன்.

நன்றிப் பக்கத்தில் என் பெயரைப் போடாதே. ‘மேசைக்குப் பின்னால் இருந்த பெண்’ என்று போட்டுக்கொள்.

அக்கா

&nbsp;

நவம்பர் 15

அக்காவுக்கு,

புத்தகங்கள் ஆகஸ்டில் வந்தன. உனக்கு ஒரு செட் அனுப்பினேன், வந்து சேர்ந்தது என்று நீ ஒரு வரி போடவில்லை. அப்போது கோபம் என்று நினைத்தேன். இப்போது வேறு மாதிரி நினைக்கிறேன்.

மூன்று மாதத்தில் நூற்று முப்பது செட் போயிருக்கிறது. அதிலும் நாற்பது திரும்பி வந்தது. கடைக்காரர் ஒருவர் என் முகத்துக்கு நேராகவே கேட்டார்: “சார், கொலைகாரி யாருன்னு பாதியிலயே சொல்லிட்டா மீதிய எவன் படிப்பான்? நம்ம வக்கீலப் போட்டிருக்கலாமே.” பேராசிரியர் தன் முன்னுரையில் மூன்றாவது நாவலின் கொலைகாரியையே மாற்றிச் சொல்லியிருக்கிறார். அதை ஒருவர்கூடச் சுட்டிக்காட்டி எழுதவில்லை. சுட்டிக்காட்டவும் ஒருவர் படித்திருக்க வேண்டுமே.

போன வாரம் முதலாளி கூப்பிட்டார். “அந்தச் சீட்டையெல்லாம் எடுத்துட்டு வா” என்றார், அவ்வளவுதான். எடுத்துப் போவதற்கு முன்னால் நானே ஒருமுறை பார்த்தேன். ஏழு மாதமாக முத்திரைகளை எண்ணினேனே தவிர, அவற்றில் இருக்கும் தேதியைப் படிக்கவே இல்லை. அன்றுதான் படித்தேன்.

நர்ஸம்மாவின் ஆறு புத்தகத்தில் ஒரே தேதி. அதற்கு ஏழு நாள் தள்ளி, எட்டுப் புத்தகத்தில் ஒரே தேதி. மறுபடி ஏழு நாள். பழைய காலண்டரைத் தேடி எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஆயிரத்து நூற்று எண்பத்தேழில் ஆயிரத்து நூற்று இருபத்தொன்பது செவ்வாய்க்கிழமை. வக்கீலின் சீட்டுகளில் ஒரு செவ்வாய்கூட இல்லை.

செவ்வாய் நமக்கு விடுமுறை, அக்கா. கதவு பூட்டியிருக்கும். நான் பள்ளி விட்டு வந்ததும் அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு பைண்டிங் கடைக்குப் போய்விடுவார். பூட்டிய கதவுக்குள் வந்து ஐந்து வருடம் புத்தகம் எடுத்துப் போன அந்த வாசகர்கள் யார்? வீட்டில் இருந்தது நீ ஒருத்திதான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, அந்தச் சோற்றை எனக்கே பரிமாறியிருக்கிறாய். பதில் எழுது. பேராசிரியர் மாதிரி சுற்றி வளைக்காமல் எழுது.

தம்பி

&nbsp;

நவம்பர் 24

தம்பிக்கு,

நான்தான் குத்தினேன்.

நீ சின்னவன், உனக்குத் தெரியாது. அப்பாவுக்கு ஒரு விதி இருந்தது. வருடக் கடைசியில் எல்லாச் சீட்டையும் புரட்டுவார். வருடத்துக்குப் பன்னிரண்டு முத்திரை இல்லாத புத்தகம் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போகும். அலமாரியில் இடம் அவ்வளவுதான், அவரைக் குறை சொல்லவில்லை. எனக்கு இருபது வயதாக இருந்தபோது நர்ஸம்மாவின் மூன்று புத்தகங்கள் அப்படிப் போயின. நான் கேட்டேன். “படிக்கிறதுக்கு ஆளில்லாத புஸ்தகத்துக்கு நான் எதுக்கும்மா பாரா இருக்கணும்?” என்றார். “நான் படிக்கிறேனே” என்றேன். “நீ வாசகியா? நீ வீட்டு ஆளு” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மிச்சம் பதினொன்று. அடுத்த செவ்வாயே ஆரம்பித்தேன். அப்பா தினமும் கடையைச் சாத்தும்போது முத்திரையின் சக்கரத்தைத் திருப்பி மறுநாள் தேதியை வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். மறுநாள் விடுமுறையா இல்லையா என்றெல்லாம் பார்க்கமாட்டார், கை அப்படிப் பழகிவிட்டது. நான் அந்தச் சக்கரத்தைத் தொட்டிருந்தால் கண்டுபிடித்துவிடுவார். அதனால் இருந்த தேதியையே குத்தினேன். எண்ணிக்கையை மட்டும் பார்க்கிற மனிதர், கிழமையைப் பார்க்கமாட்டார் என்று தெரியும். நீயும் அவர் பிள்ளைதான்.

பன்னிரண்டு போதும். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாரம் பூராவும் வருகிறவர்கள் எல்லாம் “வக்கீல் இருக்கா?” என்று கேட்கக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. அவரைத் தாண்டட்டும் என்று குத்தினேன். வேலியே பயிரை மேய்ந்தது என்று நீ சொல்லலாம். எனக்கு வேறு யாரும் வாசகர்கள் கிடைக்கவில்லை, நானே ஆயிரம் பேராக ஆனேன்.

செவ்வாய் போக மிச்சம் ஐம்பத்தெட்டு. அது உண்மை. ஒரு தையல்காரி வருவாள், கைக்குழந்தையோடு. அவள் மட்டுமே முப்பதுக்கு மேல் இருக்கும். ஒருநாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, “இந்தம்மா எங்க வீட்டுக்கு எப்ப வந்து பார்த்துட்டுப் போச்சு?” என்று கேட்டாள். என் எட்டுப் பக்கத்தில் நாலாவது பக்கத்தில் அது இருக்கிறது. நீ படித்ததாகச் சொன்னாய்.

ஏப்ரலில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொல்லத்தான் எழுதினேன். எழுதி அடித்தேன். நீ சாட்சி கேட்டாய், நானும் சாட்சியா என்று எனக்கே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சீட்டை எண்ணினாய், என்னைக் கேட்கவில்லை. முன்னுரையைப் பிடுங்கிப் பேராசிரியரிடம் கொடுத்த பிறகு, போகட்டும், பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். ஆமாம், நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது. ஆனால் நினைத்தது உண்மை.

உன் வேலைக்கு ஒன்றும் ஆகக் கூடாது. தப்பு என்னுடையது என்று முதலாளிக்கு நானே எழுதிவிடுகிறேன்.

அக்கா

&nbsp;

டிசம்பர் 1

அக்காவுக்கு,

எழுதாதே. தயவுசெய்து எழுதாதே.

முதலாளியிடம் வேறு மாதிரி சொல்லியிருக்கிறேன். இரண்டு பேர் சீட்டும் கலந்துவிட்டன, நான் எண்ணும்போது வக்கீலுடையதையும் நர்ஸம்மா கணக்கில் சேர்த்துவிட்டேன் என்றேன். முட்டாள் என்று திட்டினார். திட்டட்டும். முட்டாளை வைத்துக்கொள்வார்கள். கூடப்பிறந்தவள் ஏமாற்றினாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன்மேல் இருக்கும் பாசத்தால் என்று எடுத்துக்கொள்ளாதே. அவர் எனக்கு முன்னால் உன்னைப் பற்றிப் பேசுவதை என்னால் கேட்டுக்கொண்டு உட்கார முடியாது, அவ்வளவுதான்.

என்னைத் தேர்வு வழிகாட்டிகளுக்கு மாற்றியிருக்கிறார்கள். ஜனவரியில் வக்கீல் தொடர் ஆரம்பிக்கிறது. வேறொருவர் பார்ப்பார். முதலிலேயே என் பேச்சைக் கேட்டிருந்தால் அந்த நாற்காலியில் நான் இருந்திருப்பேன். என் பேச்சை நானே கேட்கவில்லை.

நீ உண்மையைச் சொன்னாய், அதனால் நானும் ஒன்று சொல்கிறேன். அந்தக் கட்டுரையில் உன்னைப் பற்றி எழுதாமல் விட்டது மறதியால் இல்லை. எழுதினேன், ஒரு பக்கம் வந்தது. படித்துப் பார்த்தால் அந்த நூலகம் அப்பாவுடையதாகத் தெரியவில்லை, உன்னுடையதாகத் தெரிந்தது. அப்புறம் நான் யார் என்று இருந்தது. கிழித்துவிட்டேன்.

கடிதம் கிடைத்ததும், எழுதவில்லை என்று ஒரு வரி போடு.

தம்பி

&nbsp;

டிசம்பர் 9

அக்காவுக்கு,

உன் கடிதத்தை முதலாளி என் முன்னால் வாய்விட்டுப் படித்தார். தேதியைப் பார்த்தேன். எனக்கு எழுதிய மறுநாளே அவருக்கும் எழுதியிருக்கிறாய். என் பதிலுக்குக் காத்திருக்க உனக்குப் பொறுமையில்லை.

“ஏமாந்தது தப்பில்லய்யா. அதை மறைக்க என்கிட்ட ஒரு கதை சொன்ன பாரு, அதுதான் தப்பு” என்றார். பதினாறு வருடம். மேசையைக் காலி செய்ய ஒரு மத்தியானம் போதுமானதாக இருந்தது.

காப்பாற்றுவதற்குத்தான் எழுதினாய் என்று தெரியும். நர்ஸம்மா கதைகளில் எல்லோரும் காப்பாற்றுவதற்குத்தான் ஏதாவது செய்வார்கள் என்று உன் எட்டுப் பக்கத்தில் நீதான் எழுதியிருந்தாய்.

இனி எழுதாதே.

&nbsp;

ஜனவரி 9

தம்பிக்கு,

எழுதாதே என்றாய். எழுதாமல் விட்டால் வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரியவரும், அது இதைவிட மோசம்.

உன் வேலை போனதற்கு என்னிடம் வார்த்தை இல்லை. மன்னித்துவிடு என்று மூன்று தாளில் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் என்மேல் எனக்கே இரக்கம் வந்தது, உன்மேல் வரவில்லை. கிழித்துவிட்டேன். நாமிருவரும் கிழிப்பதில் கெட்டிக்காரர்கள்.

உன் முதலாளி எனக்குப் பதில் எழுதினார். மரியாதையான கடிதம். உன்னைத் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேட்டிருந்தேன், அதற்கு ஒரே வரியில் இல்லை என்று சொல்லிவிட்டார். மிச்சம் இரண்டு பக்கமும் வேறு விஷயம். நர்ஸம்மா செட்டுகளை எடைக்குப் போடப் போகிறாராம், எனக்கு வேண்டுமானால் வண்டியில் அனுப்புவதாகச் சொன்னார். பிறகு இப்படிக் கேட்டிருந்தார்: வக்கீலின் ஆயிரத்து நூற்று நாலு முத்திரையும் உண்மைதானே, அந்த வாசகர்கள் புத்தகத்தை வாங்கும்போதும் திருப்பித் தரும்போதும் என்ன பேசினார்கள் என்று தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தானே, பேராசிரியர்களால் அதை எழுத முடியாது, பத்து நாவலுக்கும் சேர்த்து முன்னுரை எழுதித் தர முடியுமா? அட்டையில் என் பெயர் வரும்.

முடியாது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மறுப்பதற்கும் காரணம் சொல்ல வேண்டுமே என்று வக்கீலை எடுத்தேன். குறை கண்டுபிடிப்பதற்காகத்தான் படித்தேன். ஐந்தாவது நாவலில் அந்தத் தபால் அதிகாரி எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருக்கும்போது, வேலைக்காரி நடுவில் எழுந்து உள்ளே போகிறாள். ஒரே வரி. அவள் எதற்குப் போனாள் என்று கடைசிவரை அவர் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடம் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்துக் கொடுத்திருக்கிறேன், ஒருமுறைகூட அதைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் பிடித்ததனால்தான் எனக்குப் பிடிக்காமல் போயிருக்கிறது. நர்ஸம்மாவை எனக்குப் பிடித்ததற்கு வேறு யாருக்கும் பிடிக்காததுதான் காரணமோ என்று ஒரு பயம் வந்தது. அதைச் சோதித்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அந்தச் செட்டுகள் வேண்டாம், முன்னறையில் இடமில்லை என்று எழுதிவிட்டேன். இடமில்லாமல்தான் இருக்கிறது. மேசை பூராவும் வக்கீல்.

ஒப்புக்கொண்டேன். உன் நாற்காலிக்கு வந்திருப்பவர் வாரம் ஒருமுறை போன் செய்கிறார், அக்கா அக்கா என்றுதான் பேசுகிறார்.

பதினொரு பக்கம் ஆகிவிட்டது. நன்றாக வந்திருக்கிறது, தம்பி. நீயே திருத்த உட்கார்ந்தாலும் ஒரு வரியை வெட்டமாட்டாய்.

அக்கா